சகலை என்ன டயர் போட்டிருக்கார்?

"சகலை என்ன டயர் போட்டிருக்கார்?"

சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும் பிளான் சார் கேட்ட முதல் கேள்வி இதுதான். வீட்டு பிளான் வரைகிற ஆபீசில் வேலை. அதனால் ஊருக்கே அவர் பிளான் சார்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "டயர் உங்களுக்கா, அவருக்கா?" என்றார்.

"எனக்குத்தான். ஆனா அவரு சைக்கிள்ல இருக்கிறதைவிட மெல்லிசா வேணும்."

"எதுக்கு ஓட்டப் போறீங்க? ஆபீஸ் போகவா, பயிற்சிக்கா, ரேஸுக்கா?"

"மூணுக்கும்."

"தூங்கறதுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே சட்டையா சார்? ஆபீஸ் போக, கண்ணாடி குத்தினாலும் தாங்கற தடி டயர் வேணும். பயிற்சிக்குச் சீக்கிரம் தேயாதது. ரேஸுக்குத்தான் மெல்லிசு. அதுவும் நம்ம ரோட்டுக்கு..."

"அவரு சைக்கிள்ல என்னதான்யா இருக்கு?"

"இருபத்தெட்டு மில்லிமீட்டர்."

"எனக்கு இருபத்தி மூணு போடு."

சொன்னால் கேட்கிற நிலையிலா இருந்தார் மனுஷர்? வயிறு எரிந்துகொண்டிருந்தது. மூன்று மாதம் முன்னால் ஒரு குடும்பச் சாப்பாட்டில் சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன், இவர் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "என்ன சகலை, டிராக்டர் டயரைக் கழட்டிப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். பந்தியே சிரித்தது. அது கூடப் பரவாயில்லை. பிளான் சாரின் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து மனைவிதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தினம் பக்கத்துத் தெரு அக்கா வீட்டுக்குப் போய்வந்தாள்; அவர் சகலை வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை, போனிலும் பேசவில்லை.

பேசாவிட்டால் விட்டதா? தினமும் காலையில் ஆபீஸ் போகிற வழியில், பாலத்து ஏற்றத்தில், சகலையின் சிவப்பு சைக்கிள் பின்னாலிருந்து வரும். சகலையின் மஞ்சள் பனியன், ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் வந்ததும் 'டிரிங்' என்று ஒரு மணி. அப்புறம் கையை வேறு ஆட்டிவிட்டுப் பறந்துவிடும். பிளான் சாருக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்காது. பார்வை நேராகக் கீழே டயருக்குத்தான் போகும்.

"இன்னிக்கும் உங்க அத்தான் என்னைத் தாண்டிட்டுப் போனாரு," என்று சாயங்காலம் பொருமுவார்.

"அப்படியா? எவ்வளவு தூரம் விட்டாங்க?" என்று மனைவி ஆர்வமாகக் கேட்பாள். "ஏத்தத்துல மூச்சு வாங்கின மாதிரி தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் வாங்கல."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு மலரும். அந்தச் சிரிப்புதான் பிளான் சாரைக் கொன்றது. கட்டின புருஷன் தோற்று வந்து நிற்கிறேன், அக்கா புருஷனை நினைத்துப் பூரிக்கிறாளே!

ஞாயிற்றுக்கிழமை ஊர் சைக்கிள் சங்கத்தின் முப்பது கிலோமீட்டர் பந்தயம். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். மனைவி கண் முன்னால் சகலையை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முந்திவிட வேண்டும். அந்தச் சிரிப்பு இந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

புது மெல்லிசு டயரோடு திங்கட்கிழமை கிளம்பினார். பாலத்துக்கு முன்னாலேயே கண்ணாடிச் சில்லு குத்திக் காற்று போய்விட்டது. தள்ளிக்கொண்டு நடக்கையில் பக்கத்தில் 'டிரிங்'. மஞ்சள் பனியன் வேகத்தைக் குறைத்து, என்ன என்பது போல் கையை அசைத்தது. பிளான் சார் வானத்தைப் பார்த்தார். அது போய்விட்டது. ஆபீசுக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

"காத்து கம்மியா இருந்திருக்கும்," என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லி, செவ்வாய்க்கிழமை கம்பிபோல் விறைக்கிற வரை காற்றடித்தார். டயர் கல்லாகிவிட்டது. ரோட்டில் இருந்த ஒவ்வொரு பள்ளமும் நேரே முதுகெலும்பில் வந்து பேசியது. முதுகுப் பையில் டிபன் பாக்ஸ் மூடி தெறித்து, தயிர் முழுக்க வரைபடச் சுருளில் இறங்கியது.

மேனேஜர் சுருளைப் பிரித்து மோந்து பார்த்தார். "சமையலறை எங்கேன்னு கேட்டா, பிளானே சொல்லுதேப்பா!"

புதன்கிழமை பிளான் சாருக்கு ஞானோதயம் வந்தது. மெக்கானிக் சொன்னபடி மூன்று ஜோடி! காலையில் தடி டயர், சாயங்காலம் பயிற்சி டயர், ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டயர். வீட்டுக் கூடத்தில் நாற்காலிக்கு நாற்காலி டயர் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தினம் இரண்டு தடவை கழற்றி மாட்டினார். கழற்ற நெம்புகோல் போதாமல் கரண்டிகள் களத்தில் இறங்கின.

"ஏங்க, என் கரண்டி எல்லாம் ஏன் கும்பிடு போடுது?" என்றாள் மனைவி.

"ரேஸ் முடியட்டும், புதுசு வாங்கித் தரேன்."

"டயரை மாத்தி என்னங்க ஆகப்போகுது? காலுக்கு வேலை குடுங்க. தூங்கி எழுந்திருக்கவே ஏழரை ஆகுது உங்களுக்கு."

"ஓஹோ! உங்க அத்தான் அஞ்சு மணிக்கே எழுந்துடறாராக்கும்?"

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிளான் சார் முகம் கடுகடுவென்று இருந்தது. வளைந்த கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பார்த்தாயா, அத்தான் பேச்சு வந்ததும் நழுவுகிறாள், என்று அவர் அடுத்த கரண்டியை எடுத்து ஓங்கி நெம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மனைவி விடியற்காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். "நாங்க எல்லாம் நேரா முடிவுக்கோட்டுக்கு வந்துடறோம், நீங்க வாங்க," என்று சொல்லியிருந்தாள். பிளான் சார் தனியாக உட்கார்ந்து அவசர அவசரமாக ரேஸ் டயரை மாட்டினார். ஆறு ட்யூப் கலந்து கிடந்ததில் எது எதற்கு என்று பார்க்கப் பொறுமையில்லை. கைக்குக் கிடைத்ததைத் திணித்தார்.

புறப்படும் இடத்தில் நூறு பேர் நின்றார்கள். முன் வரிசையில் மஞ்சள் பனியன். பிளான் சாரின் கண் வழக்கம்போல் கீழே போனது. அதே தடித்த இருபத்தெட்டு!

'ரேஸுக்குக் கூட டயர் மாத்தத் தெரியல. இன்னிக்கு நீ தொலைஞ்சே,' என்று மனசுக்குள் குதித்தார்.

விசில் ஒலித்தது. மஞ்சள் பனியன் வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி போனது. பிளான் சார் பல்லைக் கடித்து மிதித்தார். நாலாவது கிலோமீட்டரில் பின்னால் 'டமார்'. தடி டயருக்கான ட்யூப் மெல்லிசு டயருக்குள் மடிந்து வெடித்திருந்தது. மாற்றினார். கொண்டுவந்த உபரி ட்யூபும் தடிதான். அது ஒன்பதாவது கிலோமீட்டரில் வெடித்தது. மீதி இருபத்தோரு கிலோமீட்டரைச் சங்கத்து வேனில், சைக்கிளை மடியில் வைத்துக்கொண்டு கடந்தார். அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முடிவுக்கோட்டில் ஒரே கைதட்டல். ஒலிபெருக்கி என்னவோ கத்திக்கொண்டிருந்தது. முதலில் கண்ணில் பட்டது சகலை. பிளாஸ்டிக் நாற்காலியில், வேட்டி சட்டையில், இடுப்பில் அகலப் பட்டையோடு, மடியில் பிளான் சாரின் குழந்தை.

மூன்று மாத விரதம் முறிந்தது. "நீங்க... அதுக்குள்ள உடுப்பு மாத்திட்டீங்களா?"

"நான் எங்க சகலை ஓட்டினேன்? அன்னிக்குச் சாப்பாடு முடிஞ்ச மறுநாளே இடுப்பு பிடிச்சுக்கிச்சு. சைக்கிளைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்கதான் எட்டிப் பாக்கவே வரலையே."

"அப்போ அந்த மஞ்சள் பனியன்... உங்க சைக்கிள்... தினம் பாலத்துல..."

சகலை அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு குழந்தையை அவர் கையில் கொடுத்து, முதுகில் தட்டிச் சொன்னார்:

"சீக்கிரம் மேடைக்குப் போங்க சகலை, கப்பு வாங்கறவங்க வீட்டுக்காரரை மைக்ல நாலு தடவை கூப்பிட்டாச்சு!"