மீன்காரர் போட்ட தொப்பி

நியூசிலாந்து முழுக்கத் தேடினாலும் எங்கள் மீன்காரரைப் போல கெட்டவனாக இருக்கத் தெரியாத மனுசனைப் பார்க்க முடியாது. சனிக்கிழமைகளில் ஒக்லாந்தின் மாசி என்ற பகுதியில் தன் வான் வண்டியை நிறுத்தி மீன் விற்பார். வெட்டுவதற்கு முன் நண்டிடம் மன்னிப்புக் கேட்பார்.

அவரைத்தான் எங்கள் தமிழ் ஆட்களை வைத்து நாடகம் போடும் இளம்பெண், டைரக்டர் பிள்ளை, நடிக்கப் பிடித்தாள். ஒத்திகை பென்ரோஸில், என் சொந்தக் கிடங்கில். அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன் வாங்கிய கிடங்கு, வந்து பாருங்கள்!

கதை இதுதான். போலந்தில் யூதர்களை அடைத்து வைத்த தெரு. நாஜிகள் ஒரு யூதனுக்கே பொலிஸ் தொப்பி மாட்டி, "உன் ஆட்களை ரயிலுக்குக் கொண்டு வா, இல்லாவிட்டால் உன் மனைவியை ஏற்றுவோம்" என்கிறார்கள். ஏறினவர் உயிரோடு திரும்பாத ரயில் அது. அந்தத் தொப்பிக்காரர்தான் மீன்காரர். அவர் இழுத்துப் போக வேண்டிய பக்கத்து வீட்டுக் கிழவி, என் மனைவி.

"கெட்ட முகம் வேண்டாம் அங்கிள், எல்லாரும் நம்புற முகம்தான் வேணும்" என்றாள் பிள்ளை அவரிடம்.

முகம் சரி. கைதான் வரவில்லை. என் மனைவியின் கையைத் தொட்டதும், "குறை நினையாதேங்கோ அக்கா" என்பார்.

"இந்த மனுசன் என்னைப் பிடிச்சுக்கொண்டு போறாரோ, கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறாரோ?" என்றாள் மனைவி.

நூறு பேரை அதட்டி வேலை வாங்கியவன் நான். "இப்பிடிப் பிடியும்!" என்று அவர் கையை முறுக்கிக் காட்டினேன்.

"ஐயோ அண்ணை, அக்காவுக்கு நோகுமே!"

"அங்கிள், இன்னொருக்கா மன்னிப்புக் கேட்டா வேற ஆளைப் போடுவன்" என்றாள் பிள்ளை. மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வேடத்தின் மேல் அவ்வளவு ஆசை.

நாடகத்தன்று மன்னிப்புக் கேட்கவில்லை. மேடையில் என் மனைவியின் சால்வை நழுவியது. எடுத்துக் கழுத்தில் சுற்றி, "வெளியிலை குளிர், இறுக்கிக் கட்டுங்கோ" என்றார். படியில் இறங்க உதவுவது போல முழங்கையைத் தாங்கி, ரயில் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். மண்டபத்தில் மிக்சர் கொறிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"தள்ளியிருந்தா உதறியிருப்பன்," என்றாள் மனைவி, காரில். "அவர் தாங்கினதிலை தானாப் போயிட்டன்."

அடுத்த சனி, மீனைப் பையில் போட்டபடி கேட்டார்: "அண்ணை, அந்தத் தொப்பிக்காரன் கெட்டவனோ?"

எதற்கும் பதில் வைத்திருப்பவன் நான். அன்று மீன் காசை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தேன்.

பையை முடிச்சுப் போட்டுத் தந்தார். "குளிருது, ஜாக்கெட்டைப் பூட்டுங்கோ அண்ணை."

பூட்டினேன். அந்த மனுசன் முழங்கையைத் தாங்கினால், எங்கே என்று கேட்காமல் நானும் போயிருப்பேன்.