சூளகிரி கல்யாணத்துல நான் பேசின கன்னடம்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். சூளகிரியில ஒரு கல்யாணம். எங்க வூட்டுக்காரர் போட்டோ புடிப்பாரு. நான் கூடப் போயி பொட்டி தூக்கணும்.

அவரு கிருஷ்ணகிரியில எங்க வூட்டு முன் ரூம்லயே சின்னதா ஒரு ஸ்டுடியோ வெச்சிருந்தாரு. ஒத்தாசைக்கு மாரப்பன்னு ஒருத்தர். அந்த மாரப்பனுக்கு கல்யாணத்துக்கு மொத நாளு பாத்து பொன்னுக்கு வீங்கி வந்துடுச்சு. கன்னம் ரெண்டும் பூசணிக்கா!

"இப்ப யாரைப் புடிக்கறது?"ன்னு இவரு தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு.

"நான் வர்றேங்க."

"நீயா? உனக்கு என்னா தெரியும்?"

"பொட்டி தூக்கறதுக்கு பி.ஏ.வா படிக்கணும்?"

அதோட வாயை மூடியிருக்கலாம். மூடினேனா?

"பொண்ணு வூட்டுக்காரங்க அத்திப்பள்ளிக்கு அந்தாண்ட, கன்னடம் பேசறவங்கன்னு சொன்னீங்களே. உங்களுக்கு ஒரு வார்த்தை வராது. எனக்குக் கன்னடம் தண்ணி பட்ட பாடு!"

அப்போ எங்களுக்குக் கல்யாணமாகி கொஞ்ச மாசம்தான். புதுப் பொண்டாட்டி சொன்னா நம்பித்தானே ஆகணும். மனுசன் நம்பிட்டாரு.

என் கன்னடம் எந்த லட்சணம்னு சொல்லிடறேன். ஓசூர்ல எங்க பெரியம்மா வூட்டுக்கு லீவுக்குப் போவேன். பக்கத்து வூட்டு அக்கா கன்னடக்காரங்க. அவங்க பேசறதைச் சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக் கத்துக்கிட்டது. அவ்ளோதான் படிப்பு.

பஸ்ல ஏறினோம். கேமரா வெக்கற மூணு கால் ஸ்டாண்டு என் கையில. ஏறின வேகத்துல அதுல ஒரு கால் படக்குன்னு விரிஞ்சு, முன்னாடி உக்காந்திருந்தவரோட தலப்பாவைத் தட்டி விட்டுடுச்சு.

அவரு திரும்பிப் பாத்தாரு. "ஏம்மா, கல்யாணத்துக்குப் போறியா, சண்டைக்குப் போறியா? ஈட்டியைத் தூக்கிக்கினு வர்ற!"

இவரு சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. என்னைத் தெரியாத மாதிரி!

எறங்கினதும் எனக்குப் பாடம் நடந்துச்சு. "இந்த மரச்சட்டத்துக்குள்ள கண்ணாடி பிளேட்டு இருக்கு. அதுலதான் படம் விழும். நான் கேட்டா அப்படியே எடுத்துக் குடு. அப்புறம், நான் லென்ஸ் மூடியைக் கழட்டி மூணு எண்ணற வரைக்கும் யாரும் ஆடக்கூடாது. ஆடினா புகை மாதிரி விழும். அதை அவங்க பாஷையில நீதான் சொல்லணும்."

"இதென்னங்க பெரிய வேலை!"

தாலி கட்டு, மாலை மாத்தறது எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. நான் ஒண்ணும் பண்ணலை, அதான் காரணம். கடைசியா பந்தல்ல குரூப் போட்டோ. இதுக்குன்னு ஒரு பிளேட்டு, கைகாவலா இன்னொண்ணு. அதுக்கு மேல கிடையாது.

பொண்ணு மாப்பிள்ளை நடுவுல. ஒரு பக்கம் மாப்பிள்ளையோட அப்பா முனுசாமி, நாற்காலியில, கைத்தடியோட. நெலம் நீச்சு உள்ளவரு, மீசைக்கு எண்ணெய் போட்டு முறுக்கி விட்டிருந்தாரு. இன்னொரு பக்கம் பொண்ணோட அப்பா அம்மா. பின்னாடி சொந்தக்காரங்க.

இவரு கறுப்புத் துணிக்குள்ள தலையை வுட்டாரு. "ம், சொல்லு!"

நான் முன்னாடி வந்து நின்னேன். பொண்ணோட அம்மா பாவம், முந்தானையை இழுத்து இழுத்து சரி பண்ணிக்கிட்டே இருந்தாங்க. அவங்களைப் பாத்து, தன்மையா, கை அமத்திச் சொன்னேன்.

"அளபேடி அம்மா."

அந்தம்மா என்னைப் பாத்தாங்க. தாடை லேசா நடுங்குச்சு. கண்ணுல தண்ணி எறங்குச்சு.

என்னடா இதுன்னு, கொஞ்சம் சத்தமா சொன்னேன். "அளபேடி! அளபேடி!"

"ஐயோ மகளே"ன்னு அந்தம்மா பொண்ணைக் கட்டிப் புடிச்சு ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க! அவங்களைப் பாத்து பின்னாடி நின்ன அத்தை அழுதாங்க. அத்தையைப் பாத்து சித்தி. பொண்ணோட அப்பா துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டாரு, தோள் மட்டும் குலுங்குது.

அழ அழ எல்லாரும் ஆடறாங்க. ஆட ஆட நான் கத்தறேன். "அளபேடி! எல்லாரும் அளபேடி!"

நான் கத்தற ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு வரிசை அழுவுது.

கேமராக் கண்ணாடியில ஆளுங்க தலைகீழாத்தான் தெரிவாங்க. இவரு துணிக்குள்ள இருந்தே கேட்டாரு. "ஏ புள்ள, எனக்கு மட்டும்தான் எல்லாரும் அழற மாதிரி தெரியுதா?"

அதுக்குள்ள முனுசாமி கைத்தடியை ஊனி எழுந்துட்டாரு.

"என்னா இது? என் வூட்டுக்கு வாழ வர்றதுக்கா இத்தனை ஒப்பாரி? என் பையனுக்கு என்னா கொறச்சல்? கையா, காலா?"

பொண்ணோட அப்பா துண்டை எடுத்தாரு. "பொண்ணைப் பெத்தவன் அழக்கூட உங்ககிட்ட உத்தரவு வாங்கணுமா?"

மாப்பிள்ளை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் பாக்கறாரு. தாலி ஏறின பந்தல்ல சம்பந்திங்க முறைச்சுக்கிட்டு நிக்கறாங்க, நடுவுல நான்! ஒண்ணும் புரியலை. என்னால முடிஞ்சது ஒண்ணுதான். இன்னொரு தடவை "அளபேடி"ன்னேன்.

கல்யாணப் பொண்ணு என்னை உத்துப் பாத்தா. அவளுக்குத் தமிழ் நல்லாவே வந்துச்சு.

"அக்கா, நீங்க என்னா சொல்ல வர்றீங்க?"

"ஆடாம இருங்கன்னுதாம்மா!"

"அது அலுகாடபேடி! அளபேடின்னா அழாதீங்கன்னு அர்த்தம். காலையில இருந்து எங்கம்மா அடக்கி வெச்சிருந்தாங்க, நீங்க போயி தொறந்து வுட்டுட்டீங்க!"

பக்கத்து வூட்டு அக்கா நாள் முழுக்க கொழந்தைகிட்ட "அளபேடா, அளபேடா"ம்பாங்க. கொழந்தையும் கம்முனு ஆயிடும். அதனால "ஆடாம இரு"ன்னு நானா அர்த்தம் வெச்சுக்கிட்டேன். பெரியவங்களுக்கு "டா" போடக்கூடாது, "டி" போடணும்னு மரியாதை வேற தெரிஞ்சிருந்துச்சு!

பொண்ணு தன் பாஷையில அம்மாகிட்ட சொன்னா. சொல்லி முடிக்கறதுக்குள்ள அவளுக்கே சிரிப்பு தாங்கலை. அழுதுக்கிட்டிருந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கிட்டே சிரிச்சாங்க. அத்தை, சித்தி, துண்டுக்காரர், மாப்பிள்ளை, எல்லாரும் வயித்தைப் புடிச்சுக்கிட்டாங்க. முனுசாமி மட்டும் சிரிக்கலை. "கல்யாணத்துல என்னா இளிப்பு!"ன்னு நாற்காலியில செலை மாதிரி நிமிர்ந்து உக்காந்தாரு.

மறுபடியும் சண்டை கிளம்பறதுக்குள்ள முடிச்சுடலாம்னு இவரு மூடியைக் கழட்டினாரு. "ஒண்ணு... ரெண்டு... மூணு."

மூடினதும் என் காதுகிட்ட வந்தாரு. "தோள் எல்லாம் குலுங்கிடுச்சு. கைகாவலுக்கு வெச்சது இருக்குதில்ல? அதைக் குடு."

நான் பொறுப்பான ஆளு. காலி சட்டத்தைக் குடுத்து மானம் போயிடக்கூடாதில்ல? சட்டத்தை மூடியிருந்த பலகையை உருவி, வெயிலு பக்கம் காட்டிப் பாத்தேன்.

"இருக்குதுங்க! உள்ள பத்திரமா இருக்குது!"

அவரு மூஞ்சி போன போக்கைப் பாத்துத்தான் எனக்கே புரிஞ்சுது. வெளிச்சம் பட்டா அந்த பிளேட்டு செத்துப்போச்சுன்னு அர்த்தமாம். அதை முன்னாடியே சொன்னாரா? இல்லை. பி.ஏ. படிக்காதவளுக்கும் தெரிஞ்ச விஷயம்னு நெனச்சுட்டாராம்.

ஊர் திரும்பி, இருட்டு ரூம்ல அந்த ஒத்தைப் படத்தைக் கழுவி வெளிய கொண்டாந்தாரு. பொண்ணு புகை. மாப்பிள்ளை புகை. அத்தைக்கும் சித்திக்கும் சேத்து ஒரே பெரிய புகை. அம்மாவுக்கு மூஞ்சி கலங்கியிருந்தாலும் சிரிப்பு மட்டும் தெரிஞ்சுது. அத்தனை புகைக்கும் ஓரமா, மேகத்துக்குள்ள எறங்கின சாமியாட்டம், மீசை முடி ஒண்ணொண்ணா எண்ணிடலாம்ங்கற மாதிரி, முனுசாமி!

"இதை எப்படிப் போயி குடுக்கறது?"ன்னாரு இவரு. நான் அடுப்பங்கரையை விட்டு வெளியவே வரலை.

குந்தாரப்பள்ளி சந்தையில மாடு வித்துட்டு, முனுசாமியே நேரா ஸ்டுடியோவுக்கு வந்துட்டாரு. படத்தை வாங்கினாரு. கிட்ட வெச்சுப் பாத்தாரு. தூர வெச்சுப் பாத்தாரு. நான் கதவுக்குப் பின்னாடி இருந்து எட்டிப் பாக்கறேன்.

"ம்ம்"னாரு. மீசையைத் தடவினாரு.

"அருமையா புடிச்சிருக்கறய்யா! இதையே பெருசாக்கி சட்டம் போட்டுக் குடு, கூடத்துல மாட்டணும். சின்னதுல இன்னொண்ணு போடு. அவங்கம்மா சிரிச்ச மூஞ்சி வேணும்னு மருமவ கேட்டுச்சு."

இவரு மென்னு முழுங்கினாரு. "இல்லீங்க, பொண்ணு மாப்பிள்ளை கொஞ்சம்..."

"அவங்களும் இருக்கறாங்களா?"ன்னு கேட்டுட்டு, அவரு மறுபடியும் தன்னையே பாத்துக்க ஆரம்பிச்சுட்டாரு.