பிரெஞ்சுக்குத் தீட்டிய காது

வாசகரே, உங்கள் தெருவில் இப்படி ஒருவராவது இருப்பார். எதையும் யாரிடமும் போய்க் கேட்காமல், தானே படித்து, தானே பரீட்சை வைத்து, தானே திருத்தி, தானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்ளும் மனிதர். 'தானே படிப்பாளி' என்று இந்த இனத்துக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். ஹோமியோபதி, வாஸ்து, ஹார்மோனியம், பங்கு மார்க்கெட் என்று இதில் கிளைகள் பல. எல்லாவற்றிலும் கொழுத்த கிளை, வீட்டில் உட்கார்ந்தபடியே வெளிதேசத்து மொழி கற்பவர்கள். அவர்களிலும் ஒரு உயர்ந்த ரகம் உண்டு. 'பேச்சைப் புரிந்துகொள்ளக் காதைப் பழக்குகிறேன்' என்று கிளம்பியவர்கள். காதைப் பழக்குகிறவரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். நீங்கள் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது.

இதைச் சொல்ல உனக்கென்ன தகுதி என்பீர்கள். பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் கும்பிட்டுப் பிரிந்தோம். அதற்கப்புறம் தெலுங்கு வந்தது, கன்னடம் வந்தது, லாரிக்காரர்களோடு இந்தி ஏறி வந்தது. எல்லாம் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தவை. வாயைத் திறந்த நேரத்தில் வந்தது ஈ மட்டும்தான்.

என் கதை கிடக்கட்டும். இந்த இனத்தின் சிகரமான பிரஹ்லாத்தைப் பார்ப்போம்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். தேசத்தின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று சொன்னார்களே, அந்தக் கதவு வழியாகத் திருப்பதியில் வீட்டுக்கு ஒருவர் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். பிரஹ்லாத்தின் மைத்துனர் போனார், எதிர்வீட்டுக்காரர் போனார், எதிர்வீட்டுக்காரருக்கு ஊறுகாய் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய அவர் மாமியார்கூடப் போனார். பிரஹ்லாத் மட்டும் தினமும் காலையில் பாசஞ்சர் ரயில் ஏறி, பாகாலா வழியாகச் சித்தூரில் இறங்கி, பங்காருபாளையம் சாலையில் இருக்கிற மாம்பழக் கூழ் தொழிற்சாலைக்குப் போய், ஏற்றுமதிக் கடிதங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கூழ் கப்பல் ஏறியது. அவர் ஏறவில்லை.

அப்போதுதான் தொழிற்சாலைக்குப் பிரான்ஸிலிருந்து கூழ் நிரப்பும் இயந்திரம் ஒன்று வரப்போவதாகச் செய்தி வந்தது. ஆறு மாதப் பயிற்சிக்கு ஒரே ஒரு ஆளைப் பிரான்ஸுக்கு அனுப்புவார்களாம். தொழில்நுட்பத்தை அங்கே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், பாஷை தெரிந்தால் போதும் என்றாராம் முதலாளி. போய் வந்தவர்தான் பிறகு அந்தப் பிரிவுக்குத் தலை. அன்றைக்கே பிரஹ்லாத் பன்னிரண்டு பிரெஞ்சுப் பாடக் கேசட்டும், ஒரு வாக்மேனும், ஒரு கம்பளி ஸ்வெட்டரும் வாங்கினார். திருப்பதியில், மே மாதத்தில், ஸ்வெட்டர். இந்த இனத்தின் தன்னம்பிக்கையை அளக்க வேறு கருவி வேண்டாம்.

அவர் பழகிய விதத்தைக் கேளுங்கள். கேசட்டோடு கொடுத்த புத்தகத்தில் பாடம் முழுவதும் அச்சாகியிருக்கும். அதை மடியில் விரித்துக்கொண்டு, வரி வரியாக விரலை ஓட்டியபடி கேட்பார். அதாவது கண்ணால் கேட்பார். ஒரு கேசட்டை நாற்பது தடவை ஓட்டுவார். அதில் பேசும் பெண்மணி மூச்சு இழுக்கும்போதே, அவள் சொல்லப்போவதை இவர் முடித்துவிடுவார். முடித்துவிட்டு, 'கேட்டல்: நூறு சதவீதம்' என்று டைரியில் எழுதுவார். நம் வீட்டுக் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். அதற்காகக் கடிகாரத்தின் பாஷை நமக்குத் தெரியும் என்று யாராவது சொல்லிக்கொள்கிறோமா?

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. பிரஹ்லாத்தின் அப்பா பாஷ்யம் ஸ்வாமி, கோவிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் இருப்பவர். அந்த வீடுகளில் பாசுரம் கற்பிப்பதற்குச் 'சந்தை' என்று பெயர். நம் மாங்காய்ச் சந்தை இல்லை. ஆசாரியர் ஒரு முறை சொல்வார். சீடர்கள் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். பிரஹ்லாத்துக்கு ஐந்து வயதில் பழகியது அது. இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்ததும் தானாகவே வந்துவிட்டது. பெண்மணி ஒரு முறை, இவர் இரண்டு முறை. கண் மூடி, கை கூப்பி, அதே ராகத்தில் பிரெஞ்சு.

பாசஞ்சர் ரயிலில் அவருக்கு இடத்துக்குக் குறையே இருந்ததில்லை. காதில் கறுப்பு வளையத்தை மாட்டிக்கொண்டு, நெற்றியில் திருமண் துலங்க, "ரயில் நிலையம் எங்கே இருக்கிறது? அது இடது பக்கம் இருக்கிறது" என்று பிரெஞ்சில் இரண்டிரண்டு முறை அவர் சேவிக்கும்போது, பாகாலாவில் ஏறும் கொய்யாக்காரி ரத்தினம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

"எந்தப் பெருமாள் மேல பாடறாரோ, புண்ணியவான்."

வீட்டில் அவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை.

"ஏன்னா, கேஸ் தீர்ந்துபோச்சு. மூணு நாளா சொல்லிண்டே இருக்கேன், காதுல விழறதா?" என்பாள் மனைவி வஸுமதி.

"காதுக்குத்தாண்டி பயிற்சி குடுத்துண்டிருக்கேன். குறுக்கே பேசாதே."

பாஷ்யம் ஸ்வாமி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். "ஏண்டா, சந்தை சொல்றச்சே ஆசார்யன் எதிர்ல உட்கார்ந்திருப்பார். நீ முழிக்கறதைப் பார்த்தா நிறுத்திட்டு அர்த்தம் கேட்பார், தலையில ஒண்ணு வைப்பார். உன் டப்பாவுக்குக் கண்ணு இருக்கா, கை இருக்கா?"

பிரஹ்லாத் காது வளையத்தை இன்னும் அழுத்திக்கொண்டார். மூன்றாவது கேசட்டின் இரண்டாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் மாதம் இயந்திரம் வந்தது. அதோடு பெர்னார் என்ற பிரெஞ்சு எஞ்சினியரும் வந்தார். இயந்திரத்தைப் பூட்ட மூன்று வாரம். அசல் பிரெஞ்சுக்காரர், ரத்தமும் சதையுமாக, நாள் முழுவதும் ஓயாமல் பேசுகிறவர், தட்டச்சு அறையிலிருந்து நாற்பது அடி தூரத்தில். ஒரு மாதத்துக்கு மேலாகப் பிரெஞ்சைக் காது குளிரக் கேட்கத் தவம் கிடந்தவர் என்ன செய்திருப்பார்? ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியவில்லை. பிரஹ்லாத் பின்கட்டு வழியாகச் சாப்பிடப் போனார். எட்டாவது கேசட் முடியவில்லை. முடித்துவிட்டுத்தான் மனிதர்களைக் கேட்பதாக உத்தேசம்.

ஒருநாள் ஜன்னல் வழியாக ஒட்டுக்கேட்டார். ஒரு வரியும் பிடிபடவில்லை. வியர்த்துப்போனார். ஐந்து நிமிடம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

"அவர் பேசறது சுத்தமான பிரெஞ்சே இல்லைடா" என்றார், அங்கே ஸ்பேனரைக் கழுவிக்கொண்டிருந்த ஃபிட்டர் கிரண்குமாரிடம். "பாதியை முழுங்கிடறார். கேசட்ல இருக்கிறவா எவ்வளவு நிறுத்தி, நிதானமா பேசறா தெரியுமா?"

"அப்புடியா சார்? தொரைக்கு அவரு ஊர்ல யாரும் சரியா சொல்லிக் குடுக்கல போலக்குது" என்றான் கிரண்குமார்.

இந்தக் கிரண்குமார் எங்கள் எல்லைப்புறத்துக் கிருஷ்ணப்பாவின் மகன். கிருஷ்ணப்பாவும் அவர் மனைவி பொன்னியம்மாவும் என் மண்டியில் மாங்காய் தரம் பிரித்தவர்கள். பையன் ஐ.டி.ஐ. படித்தவன். பிரெஞ்சு என்பது பாஷையா, தாடியா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. மூன்று வாரமும் பெர்னார் பக்கத்தில் நின்றான். அவர் ஏதாவது கேட்டால் விழிப்பான். தமிழிலும் தெலுங்கிலும் கையாலும், "புரியல தொர, இன்னொரு வாட்டி" என்பான். அவர் கத்துவார். இவன் சிரிப்பான். அவர் கையால் காட்டுவார். இவன் தப்பான சாமானைத் தூக்கிக்கொண்டு வருவான். அவர் தலையில் அடித்துக்கொள்வார். பார்க்கவே அசிங்கமாக இருக்கும். தானே படிப்பாளிகள் சாகும்வரை செய்யாத காரியம் அது: நாலு பேர் எதிரே முட்டாளாக நிற்பது.

வெள்ளோட்ட நாள் வந்தது. தோதாபுரி மாங்காய் இறக்க வந்த என் லாரி எடைமேடையில் நின்றதால், நானும் உள்ளே போய் ஒரு ஓரமாக நின்றேன்.

மேனேஜர் வேதாச்சலம் பிரஹ்லாத்தின் தோளைத் தொட்டு முன்னால் நிறுத்தினார். "தொரை பக்கத்துலயே நில்லுப்பா. அவரு சொல்றத எங்களுக்குச் சொல்லு. இன்னிக்குச் சாயங்காலம் முதலாளி பேரை முடிவு பண்ணிடுவாரு. உன் பேருதான்னு வச்சிக்கோயேன்."

பிரஹ்லாத் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். பெர்னார் கை குலுக்கி, புன்னகையோடு ஏதோ ஒன்று கேட்டார்.

எதிரே ஒரு குரல் பிரெஞ்சில் ஒரு முறை சொல்லிவிட்டது. பிரஹ்லாத்தின் கண்கள் தாமாக மூடின. கைகள் தாமாகக் கூடின. கேட்டதை அப்படியே, ஒரு எழுத்து பிசகாமல், மூக்கில் வரவேண்டியது மூக்கிலும் தொண்டையில் வரவேண்டியது தொண்டையிலுமாக, இரண்டு முறை சொன்னார்.

பெர்னார் அசந்துபோனார். அவர் ஊரிலேயே அந்த உச்சரிப்பு அபூர்வம் போலிருக்கிறது. சந்தோஷமாக இன்னொரு கேள்வி கேட்டார். அதுவும் இரண்டு முறை திரும்பி வந்தது. வேதாச்சலம் என் விலாவில் இடித்தார்.

"பார்த்தீங்களா, தொரை ஒண்ணு சொன்னா நம்மாளு ரெண்டு சொல்றான்! பாகுந்தி, பாகுந்தி. என்னப்பா சொல்றாரு?"

"ரொம்ப சந்தோஷமா இருக்காராம்" என்றார் பிரஹ்லாத்.

மூன்றாவது கேள்விக்குப் பெர்னாரின் புன்னகை சுருங்கியது. நான்காவதற்கு, இது இந்த ஊர் மரியாதை போலிருக்கிறது என்று முடிவுகட்டி, அவரும் கையைக் கூப்பிவிட்டு இயந்திரத்தை ஓட்டப் போய்விட்டார்.

கூழ் ஏறியது. குழாய் முனகியது. பிரஹ்லாத்தின் தலைக்கு மேலே இருந்த இணைப்பில் ரப்பர் வளையம் நாக்கு மாதிரி வெளியே வந்தது. அந்தக் கோடியிலிருந்து பெர்னார் பார்த்துவிட்டார். வால்வு பிரஹ்லாத்தின் வலது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"ஃபெர்மே லா வான்!" என்று அலறினார். வால்வை மூடு என்று அர்த்தமாம். எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

பிரஹ்லாத் கண்ணை மூடினார்.

"ஃபெர்மே லா வான்" என்றார், தெளிவாக. வளையம் இன்னும் ஒரு விரற்கடை வெளியே வந்தது. "ஃபெர்மே லா வான்" என்றார், இன்னும் தெளிவாக.

படார்.

நல்லவேளை, இன்னும் சூடேறாத கூழ். முதலில் தலையில் விழுந்தது, பிறகு திருமண்ணை அழித்தது, பிறகு வெள்ளைச் சட்டையை மஞ்சளாக்கிவிட்டு இடுப்பில் தொங்கிய வாக்மேனுக்குள் இறங்கியது. மாம்பழத்தில் நாற்பது வருஷம் புரண்டவன் நான். ஒரு மனிதன்மேல் இவ்வளவு மாம்பழத்தைப் பார்த்ததில்லை. அதற்குள் கிரண்குமார் கூழில் சறுக்கிக்கொண்டே வந்து வால்வுச் சக்கரத்தைத் திருகி மூடிவிட்டான்.

"உனக்கு எப்படிடா புரிஞ்சுது?" என்றார் வேதாச்சலம்.

"இன்னா சார், மூணு வாரமா அதத்தான கத்திக்கினு கீறாரு. மொதல்ல புரியல. புரியலன்னு சொன்னேன், காட்டுனாரு. மறந்துட்டேன். திரும்பக் கேட்டேன், அசிங்கமா திட்டுனாரு. அதுக்கப்புறம் மறக்கல."

சாயங்காலம் முதலாளி எழுதிய பெயர் எது என்று சொல்ல வேண்டுமா?

அன்று பாசஞ்சரில் பிரஹ்லாத்தோடு ஈக்களும் டிக்கெட் இல்லாமல் திருப்பதி போயின. ரத்தினம்மா தள்ளி உட்கார்ந்தாள். வாசலில் வஸுமதி பதறிப்போய், "ஏன்னா, இதென்ன கோலம்? என்ன ஆச்சு?" என்றாள்.

"என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்றார் பிரஹ்லாத்.

மனிதர் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? கிரண்குமார் விமானம் ஏறச் சென்னைக்குக் கிளம்பிய அன்று, சித்தூர் ஸ்டேஷனுக்கு ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். அவன் கையிலேயே கொடுத்து அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அது பெரிய மனசு. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கொடுப்பதற்கு முன்னால், பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்வது எப்படி என்று இரண்டு வார்த்தை சொல்ல ஆரம்பித்தார்.

"முதல்ல காதைத் தீட்டிக்கணும் கிரண். அடுத்தவா பேசறச்சே நாம—"

"சார், வண்டி—"

"பார்த்தியா, குறுக்கே பேசறே. இதான் நம்மவாகிட்ட இருக்கிற தப்பு. முழுசாக் கேளு."

"சார், வண்டி நகருது சார்!"

"நகரட்டும். கேட்கிறதுங்கறது ஒரு கலை. மனசை ஒருமுகப்படுத்தி—"

கிருஷ்ணப்பா மகனை அள்ளி ஓடும் பெட்டிக்குள் தள்ளினார். பொன்னியம்மா, "யோவ் சாமி, அத மொதல்ல குடுய்யா!" என்று ஸ்வெட்டரைப் பிடுங்கி ஜன்னலுக்குள் எறிந்தாள். பிளாட்பாரம் காலியானது. பிரஹ்லாத் மூன்றாவது குறிப்பை விளக்கிக்கொண்டிருந்தார்.

இப்போது திருப்பதியில் ஒரு மாடியில் பலகை தொங்குகிறது: 'பிரெஞ்சு பேச்சைப் புரிந்துகொள்ளத் தானாகவே கற்பது எப்படி? நேரில் வந்து கற்றுக்கொள்ளுங்கள். ஆசிரியர்: பிரஹ்லாத்.' கூட்டம் தாங்கவில்லை. யாரும் சந்தேகம் கேட்பதில்லை; கேட்டாலும் அது இரண்டு முறை திரும்பி வரும்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நான் இதை அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டு வந்த நேரத்தில், உங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் உங்களிடம் இரண்டு முறை ஏதோ கேட்டது. தலையைத் தூக்காமல் இரண்டு முறையும் "ம்" என்றீர்கள். எதற்குச் சம்மதித்திருக்கிறீர்கள் என்று ஒரு நடை உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.