சாய்ந்த குழாயும் ஒன்பதாவது கட்டளையும்

சிவமயம்

காஜா பெராங், மலாக்கா
22.9.1957

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் கணேசமூர்த்தி அவர்களுக்கு மருதப்பன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் தங்கை நாகம்மையும் க்ஷேமம் என்று எழுதுவது மரபாகையால் எழுதுகிறேன். தாங்கள் நம்ப வேண்டியதில்லை. ஈப்போவில் தாங்கள் சுகமாகவே இருப்பீர்கள். பிறருக்குக் கட்டளை எழுதி அனுப்புகிறவர்களுக்கு என்ன குறை?

நான் பதினெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி சுதந்திரம் வந்த கையோடு மூட்டை கட்டிவிட்டதும், சர்க்கார் இலாகா ஒன்றில் படம் வரைபவர் வேலைக்கு நான் மனுப் போட்டதும், அவர்கள் முத்திரை குத்திய ஒரே ஒரு தாளைக் கொடுத்து, மலைச்சரிவில் இறங்கும் தண்ணீர்க் குழாயை, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியும்படி சனிக்கிழமை மதியத்துக்குள் வரைந்து வரச் சொன்னதும் தாங்கள் அறிந்ததே. கோலம்கூடப் போட்டறியாத என் கைக்கு, டிராயிங் மாஸ்டரான தாங்கள்தான் தபாலில் ஒன்பது கட்டளைகள் அனுப்பினீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை குளித்து விபூதி பூசி உட்கார்ந்தேன். நடுக்கோட்டைச் சாய்த்துப் போட்டேன். குழாயின் வாய் சாய்வில் முட்டை மாதிரி தெரியும் என்றீர்கள், முட்டையும் போட்டேன். விளிம்பில் பன்னிரண்டு புள்ளிகள் வைத்தேன். ஏழாவது கட்டளை, புள்ளியிலிருந்து நடுக்கோட்டுக்கு இணையாக எட்டங்குலக் கோடு போடவும். எட்டாவது, அடுத்த புள்ளிக்கு நகரவும். ஒன்பதாவது, ஏழாவதுக்குத் திரும்பிச் செல்லவும். சென்றேன். பன்னிரண்டு கோடும் விழுந்ததும் குழாய் தாளைவிட்டு எழுந்து நின்றது! எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. ஆனால் கட்டளை நிற்கவில்லையே! பதின்மூன்றாவது கோடு முதல் கோட்டின் மேலேயே ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர் சின்னப்பா, தமிழ் மறந்து மலாய் மட்டுமே பேசும் மலாக்காச் சிட்டி வம்சத்தவர், வேலிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்து, "சுடாலா, மருதப்பா! சந்தேக் சுடா!" என்று கத்தினார். போதுமாம், அழகாகிவிட்டதாம். மைத்துனர் இன்னும் போதுமென்று எழுதவில்லையே என்று நானும் மலாயிலேயே பதில் சொன்னேன். துரைமாரிடம் எழுதியதை எழுதியபடி செய்து பழகிய கை அல்லவா? ஒன்பதாவது சுற்றில் தாள் கிழிந்தது. இப்போது குழாய்க்குள் நிஜமாகவே கை போகிறது.

இன்னொரு தாள் கேட்டு, கிழிந்த தாளோடு இலாகாவுக்கு ஓடினேன். அதிகாரி தாளைத் தூக்கிப் பிடித்து அதன் ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, "ஏன் நிறுத்தலை?" என்றார். "ஆர்டர் வரலை சார்" என்றேன். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. முப்பத்தொன்பது வயதில் இனி என்னை எவன் எடுப்பான்? பயமாயிருக்கு மச்சான். நிறுத்தச் சொல்லத் தெரியாதவருக்குக் கட்டளை எதுக்கு? உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!

தண்டாயுதபாணி அருளால் தங்களுக்குச் சகல பாக்கியமும் உண்டாகட்டும். இனி எவருக்கும் கட்டளை எழுதாதிருக்கும் பாக்கியமும் அதில் சேரட்டும்.

இப்படிக்கு,
மருதப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நாகம்மை தங்கள் கடிதத்தைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தில் பத்தாவது கட்டளை இருக்கிறது: 'பன்னிரண்டாவது கோட்டோடு நிறுத்தவும்.' மேலே எழுதிய வசவுகளை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமையே இவள் அதைப் பார்த்துவிட்டாளாம். "ஏன்டி சொல்லலை?" என்று கேட்டேன். "நான் வேலை செய்யறப்ப வாயைத் திறக்காதேன்னு கல்யாணமான புதுசுல நீங்கதானே சொன்னீங்க? எப்பத் திறக்கலாம்னு இன்னும் சொல்லலையே" என்றாள்.