மாடசாமிக்கு வந்த வாதம்

“வலது கை அசையலைங்க ஐயா!” என்று தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ராமாமிர்தத்தின் முன்னால் நின்று கூசாமல் பொய் சொன்னான் மாடசாமி.

பின்னே என்ன செய்வான்? இன்று மத்தியானம் ஸ்பிரிங்வெளிப் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போய்விட்டது. வயதோ முப்பது. இதுவும் போனால் திரும்பிப் பார்க்க நாதி கிடையாது. கங்காணியிடம் கேட்டால், “லீவா? போடா வேலைக்கு!” என்று விரட்டிவிட்டார்.

ராமாமிர்தத்துக்கு முகமெல்லாம் பூரிப்பு. பத்து வருஷமாக இருமலும் பேதியும் பார்த்துச் சலித்த மனிதர். தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பரபரவென்று புரட்டினார்.

“ஒரு கை மட்டும் அசையலைன்னா அது மோனோபிளீஜியா! பயப்படாதே. இடது கை இருக்கில்ல? கொழுந்துச் சாக்கு தூக்கலாம், போ.”

ஐயையோ! “காலும் வரலைங்க, வலது கால்!”

“ஒரு பக்கம் முழுக்கவா?” அவர் துள்ளி எழுந்தார். “ஹெமிபிளீஜியா! பக்கவாதம்! அடி சக்கை!”

“அப்ப லயத்துக்குப் போயி வீட்டுல படுத்துக்கறேங்க.”

“லயமா? பதுளை ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் பாக்கவேண்டிய கேஸுடா இது! யாருடா அங்க, வண்டியைக் கட்டு!”

பதுளைக்குப் போனால் கல்யாணம் கோவிந்தாதான். மாடசாமி வெடுக்கென்று வலது கையைத் தூக்கிக் காட்டினான். “பாருங்க, கை வந்திருச்சு!”

“அடடா, வாதம் கீழ இறங்கிருச்சு! ரெண்டு காலும் போனா பாராபிளீஜியா!”

“காலும் நல்லாருக்குங்க, சாமி சத்தியமா!” அவன் தையத்தக்கா என்று குதித்தான்.

“இழுப்பு வேற வந்திருச்சே! பிடிங்கடா, கட்டுங்கடா!”

நாலு பேர் சேர்ந்து அவனைக் கட்டிலோடு கட்டினார்கள். ராமாமிர்தம் கையைத் தட்டிப் பார்த்தார், காலைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. கட்டிப்போட்டால் எப்படி அசையும்?

“நாலும் போச்சு! குவாட்ரிபிளீஜியா!” ஆனந்தத்தில் அவர் குரல் தழுதழுத்தது. “என் சர்வீஸ்லயே இப்படி ஒரு கேஸ் பாத்ததில்லடா மகராசா!”

அவன் கதறக் கதற மாட்டு வண்டி பதுளைக்கு ஓடியது. ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். ஆனால் பெரிய டாக்டர் வரும்வரை கட்டிலை விட்டு இறங்கக்கூடாதாம். இந்நேரம் பெண் வீட்டார் வந்து, பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். நினைத்ததும் அவனுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெரியவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்ல அவன் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“அழுவாத தம்பி, என் கதையைக் கேளு. எனக்கு ஒரு நோயும் இல்ல. கங்காணி லீவு தரல, கால் வரலைன்னு ஒரு பொய் சொன்னேன், இங்க கொண்டாந்து போட்டுட்டானுங்க. இன்னைக்கு எம்மகளுக்கு மாப்ள பாக்கப் போயிருக்கணும்ப்பா. மாடசாமின்னு ஒரு பையனாம். கையும் காலும் ஒரு நிமிசம் சும்மா இருக்காதாம்!”