இவரை ஆரு கூப்பிட்ட?

மட்டக்களப்பு வாவிக்கு இக்கரையில் தேடினாலும் அக்கரையில் தேடினாலும் எங்கள் ஆருகூப்பிட்ட அண்ணனைப் போல ஒரு சந்தேகப் பிராணியைக் கண்டுபிடிக்க முடியாது. சொந்தக் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனைப் பார்த்து, "நீ ஆரோட வந்த?" என்று கேட்கக்கூடிய ஆள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் அது ஞாபகம் இருந்தது.

புளியந்தீவில், ஒரு பல் வைத்தியரின் மாடியில் எங்கள் ஓபிஸ். தலைமை ஓபிஸ் கொழும்பில். வாய்க்கால்களில் தண்ணீர் மட்டத்தை அளந்து, வயல் வட்டையில் வெள்ளாமை செய்கிறவர்களின் போனுக்கு அனுப்புகிற சின்னப் பெட்டிகளைச் செய்தோம். பெட்டிக்குள் லினக்ஸ் என்கிற குட்டி இயங்குதளம் ஒன்று ஓடும். எந்தெந்த மென்பொருள் வேண்டும், அவற்றுக்குத் துணையாக வேறு எவை வேண்டும் என்று ரெசிப்பி எழுதிக் கொடுத்தால், கணினி எல்லாவற்றையும் இறக்கி மணிக்கணக்காகச் சமைத்து ஒரே பொதியாகத் தரும். அதற்குப் பெயர் பில்ட். தொல்லை என்னவென்றால், ஒன்றைக் கூப்பிட்டால் அது தனியாக வராது. தன் மச்சானைக் கூட்டிவரும். மச்சான் சகலனைக் கூட்டிவருவான்.

ஒருநாள் பொதி வீங்கிப்போய்ப் பெட்டிக்குள் அடங்க மாட்டேன் என்றது. அண்ணன் கதிரையை இழுத்துப்போட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"தங்கச்சி, இந்தப் பெட்டிக்கு ஸ்கிரீன் இருக்கா?"

"இல்ல அண்ணன்," என்றாள் பக்கத்து மேசை சுபா.

"அப்ப எழுத்துருவெல்லாம் என்னத்துக்கு உள்ள குந்தியிருக்கு? இவரை ஆரு கூப்பிட்ட?"

படம் கீறுகிற மென்பொருள் கூப்பிட்டிருந்தது. அதைக் கூப்பிட்டது, நான் ஆசைப்பட்டுச் சேர்த்த ஒரு வரைபடக் கருவி. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மனே, நீ ஒரு ஆளைத்தான் கூப்பிட்ட. அவர் வான் பிடிச்சு ஊரையே ஏத்திக்கிட்டு வந்திருக்கார்."

இந்தக் குணம் ஓபிஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் தங்கையின் கலியாணத்தில் மண்டப வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் யாருடைய ஆள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமாவுக்கு நெஞ்சு வலியே வந்துவிடும் போலிருந்தது. கடைசியில் ஒரு முழுக் குடும்பம் பக்கத்து மண்டபத்துக்கு வந்தவர்கள் என்று பிடிபட்டது. "சாப்பிட்டுட்டே போங்க, சோறு நிறையக் கிடக்கு," என்று அவரே இலை போட்டு உட்காரவைத்தார்.

பிறகுதான் கொழும்பிலிருந்து அந்தச் செய்தி வந்தது. ரெசிப்பிகளை அனுப்ப வேண்டும். அவர்கள் ஒரு புதுக் கணினியில் பில்ட் பண்ணிப் பார்ப்பார்கள். சரிவந்தால் மட்டக்களப்பு ஓபிஸை மூடிவிட்டு எங்களை அங்கே எடுத்துக்கொள்வார்கள். கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் என் வீடு. தங்கை புருஷன் வீட்டுக்குப் போனபின் அம்மாவுக்கு அங்கே நான் மட்டும்தான்.

சுபா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அண்ணன், ரெசிப்பியில ஒரு பேரை மட்டும் எழுதாம விட்டா என்ன? அவங்களுக்குப் பில்ட் ஆகாது. நாம ஊரோட கிடக்கலாம்."

"அந்தப் பாவம் எனக்கு வேணாம். வாற ஆக்கள் எல்லாருட பேரும் அதில இருக்கோணும்." ஒவ்வொரு ரெசிப்பியையும் திரும்பத் திரும்பப் பார்த்து அனுப்பிவைத்தார். நான் அவரோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கொழும்பில் பில்ட் ஓடாமல் படுத்துவிட்டது. நாங்கள் ரோல்ஸ் வாங்கிக் கொண்டாடினோம். அண்ணனின் முகம் மட்டும் கறுத்துப்போனது. "நான் வேணுமெண்டு செஞ்சதெண்டு நினைப்பாங்க," என்றவர், எங்கள் கண்ணெதிரே தன் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்தார். சுபா வாயில் வைத்த ரோல்ஸைக் கடிக்க மறந்துவிட்டாள். வெறுங்கணினியில் ரெசிப்பியில் இருந்ததை மட்டும் புதிதாகப் போட்டு பில்ட் பண்ணினார். அதுவும் படுத்தது.

ஆள் அகப்பட்டார். கோப்புகளைச் சுருக்குகிற ஒரு குட்டிக் கருவி. எந்தக் காலத்திலோ வேறு வேலைக்கென்று அண்ணனே தன் கணினியில் போட்டது. பில்ட் அதைச் சத்தமில்லாமல் பாவித்து வந்திருக்கிறது. ரெசிப்பியில் பெயர் இல்லை. எங்கள் கணினிகள் எல்லாம் அவருடையதிலிருந்து பிரதி எடுத்தவை என்பதால் எங்களிடமும் அது இருந்தது, யாருக்கும் தெரியவில்லை. வந்த விருந்தாளிகளையெல்லாம் விசாரித்த மனிதர் தன் வீட்டுக் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த ஆளை மறந்துபோனார்.

சுபா வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டக் காட்ட, கொழும்புக்குப் போன் போட்டார். "பிழை என்னில. ஒரு கருவியிட பேரை நான் எழுதல்ல. இப்ப எழுதி அனுப்பிட்டன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அண்ணன், உங்களுக்கு விசரா?"

"விசர்தான் மனே. பிழையான ரெசிப்பியைக் குடுத்துட்டு இருக்க என்னால ஏலாது."

கொழும்பில் பில்ட் சரிவந்தது. நான் கொழும்பு வெள்ளவத்தையில் அறை தேடும்படி ஒரு கூட்டாளிக்குச் சொல்லியும்விட்டேன். அடுத்த கிழமை கொழும்பு ஓபிஸின் பெண் மேலாளர் போனில் அழைத்தார். அவர்களிடம் வேறு பல பெட்டிகள் கிடந்தனவாம். செய்தவர்கள் வெளிநாடு போய்விட்டார்கள்; எதற்கு எது வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை; ஒன்றும் பில்ட் ஆகவில்லை. தன் பிழையைத் தானே தேடிப் பிடித்துச் சொல்கிற ஆள் கொழும்பில் அவருக்குக் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் மட்டக்களப்புக்கே அனுப்புகிறோம், ஓபிஸ் அங்கேயே இருக்கட்டும் என்றார். சுபா மேசையில் தலையை வைத்து அழுதாள். அண்ணன் முதல் ரெசிப்பியைத் திறந்து, வழக்கமான கேள்வியைக் கேட்கத் தொடங்கியிருந்தார்.

எங்களை ஊரில் இருக்கவைத்துவிட்டு, பிற்பாடு அண்ணன் கலியாணம் முடித்துக் கனடா போய்விட்டார். நான் இன்னும் மத்தியானத்தில் பாலம் தாண்டிப் போய், அம்மா போடுகிற சோற்றைச் சுடச்சுடத் தின்கிறேன். அந்த விசரனை நினைக்காமல் கை கழுவிய நாள் இல்லை.