கலமூடி திறந்த படலம்

மும்முறை தோற்றும் புறமுதுகு காட்டாதவளே, அமிலம் துளைத்த வெள்ளை மேலங்கியையே மெய்க்கவசமாய்ப் பூண்டவளே, ஆய்வுக்கூடத்து அக்காவே, நீ வாழி! சிலிக்காவும் அலுமினாவும் காரநீரும் ஆறு நாள் அடுப்புச் சிறையில், நூற்றெழுபது பாகை வெம்மையில் வெந்து, சியோலைட் என்னும் நுண்துளைப் படிகமாய்ப் பிறக்குமென்று நீ காத்த பொறுமையைப் பாடச் சொல்லே துணை நிற்க!

நான்காம் முறையும் படிகம் பிறவாதேல் ஆய்வுத் தலைப்பையே மாற்றுவதென்று பேராசிரியர் காலையில் திருவாய் மலர்ந்திருந்தார். படிகம் பிறந்ததா என்று சாற்றவல்ல எக்ஸ்கதிர்க் கருவியோ நான்கு மணிக்குக் கண் துயிலும். மணி ஒன்றரை.

டெஃப்லான் என்னும் மென்னெகிழிக் கிண்ணத்தை வயிற்றில் சுமந்து அடுப்பிலிருந்து இறங்கிய உருக்குக் கலமோ, முற்றுகைக்கு அஞ்சாத கோட்டைபோல் வாயிறுக்கி வீற்றிருந்தது. வெறுங்கையால் திருகினாள், அசைந்திலது. மேசைப் பிடியில் பூட்டி, நெடுங்குறடு பற்றி, மதக்களிறு மதிலை மோதுவதுபோல் மோதினாள். வியர்வை புருவ வரம்பு கடந்து பெருகியது.

"அடேய் மூடியே! இன்னிக்கு நீயா நானா, ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!" என்று முரசென முழங்கினாள்.

கிறீச்சிட்டுப் பணிந்தது மூடி. கிண்ணத்தின் அடியில் சிறிதே வெண்பொடி. பகைநாட்டில் ஒரு நெல்மணியும் விடாத வேந்தனைப்போல், உருக்குக் கரண்டியால் கிண்ணத்தை அடியோடு சுரண்டி, பொடியைக் கழுவி, உலர்த்தி, மூன்றே முக்காலுக்குக் கருவியின் சந்நிதியில் படைத்தாள்.

திரையில் சமவெளியாய்க் கிடந்த கோட்டிலிருந்து, திடீரென ஒற்றைச் சிகரம் விண்ணை முட்டி எழுந்தது. மும்முறையும் காணாத சிகரம்! படிகமன்றி வேறெது இப்படி நிமிரும்? தோல்வியின் இருளெல்லாம் பரிதி கண்ட பனியாயிற்று. அவள் இரு கைகளும் வாகைக்கொடியென உயர்ந்தன.

"வந்துடுச்சுண்ணே!"

கருவியை இயக்கும் அண்ணன் கொட்டாவியை நடுவில் நிறுத்தினார். "ஏம்மா, கிண்ணத்த எதால சுரண்டுன?"

"ஸ்டீல் கரண்டியாலதாண்ணே."

"அதானே பாத்தேன். பதினெட்டு டிகிரில ஒத்தையா நிக்குது பாரு, அது டெஃப்லான். நீ கொண்டாந்தது படிகம் இல்லம்மா, கிண்ணம்."

உயர்ந்த கைகள் இறங்க வெகுநேரம் ஆயிற்று.

தலைப்பு மாற்றும் படிவம் எந்த அறையில் கிடைக்கும் என்று அவள் கேட்டாள்.